துருக்கி வில், கொரிய வில், மங்கோலிய வில்... நம்முடைய வில் எது?

செராஸ்பையன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக கோலாலம்பூரை ஒட்டிய கோம்பாக் பக்கம் ஒரு திடலில் அம்பெய்யப் பழகுகிறேன். சக்கரம் வைத்த நவீன வில் இல்லை, மரபு வில். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். அம்பெய்வது சுன்னத், அதாவது நபி காட்டிய வழி என்பதால் குடும்பத்தோடு வருகிறார்கள். நன்றாகப் பழகுகிறார்கள், தவறாகப் பிடித்தால் கையைப் பிடித்துத் திருத்தியும் விடுகிறார்கள்.

இதுவரை திடலின் வில்லைத்தான் வாடகைக்கு எடுத்தேன். சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. ஒன்று துருக்கி என்கிறார், ஒன்று கொரியா, ஒன்று மங்கோலியா, இன்னொன்று மஞ்சு. நீளத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, வளைவுதான் வேறு வேறு. விலை 500 வெள்ளியில் ஆரம்பிக்கிறது. நிஜ எருமைக் கொம்பில் செய்தது என்று ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அதன் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வெளியே வந்துவிட்டேன். ஆனாலும் ஆசை விடமாட்டேன் என்கிறது.

ஏன் இத்தனை வடிவம்? எது முதலில் வந்தது? கடன் வாங்கியாவது கொம்பு வில்லை வாங்கினால் நம் ஊரில் நிற்குமா?

அப்புறம் இன்னொன்று. திடலில் ஒரு பெரியவர், "உங்கள் ஆட்களின் வில் எப்படி இருக்கும்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். சேரன் கொடியில் வில், கடாரம் வரைக்கும் வந்த சோழன் என்று பெருமை பேசத் தெரிகிறது. அந்த வில் எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்ல வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செந்தூல்தச்சன் எழுதியது:

தம்பி, கொம்பு வில் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது காசு விஷயம். வாங்காதே.

நான் ரயில்வே பட்டறையில் தச்சு வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு மூங்கிலில் வில் செய்கிறேன், வியாபாரத்துக்கு இல்லை. அதனால் பசை, மரம், ஈரம் இந்த மூன்றைப் பற்றியும் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்.

கொம்பு வில் என்பது மூன்று பொருள் சேர்ந்தது. நடுவில் மெல்லிய மரம் அல்லது மூங்கில். நம் முகத்தைப் பார்க்கும் உள்பக்கம் எருமைக் கொம்பு. குறியைப் பார்க்கும் வெளிப்பக்கம் மாட்டுக்கால் நரம்பு. அந்த நரம்பைக் காயவைத்து, இடித்து, நார் நாராகப் பிரித்து, பசையில் தோய்த்து ஒட்டுவார்கள். வில்லை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். இழுபடுவதைத் தாங்க நரம்பு, நசுங்குவதைத் தாங்கக் கொம்பு. மரம் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் உருமாறினால் முறிந்துவிடும். கொம்பு ஏறக்குறைய அதுபோல் நாலு மடங்கு தாங்கும். அதனால்தான் நம் நெஞ்சுயரம்கூட இல்லாத துருக்கி வில்லைக் காதைத் தாண்டி இழுக்க முடிகிறது. அதே நீளத்தில் மரத்தில் மட்டும் செய்து அவ்வளவு தூரம் இழுத்தால் இரண்டு துண்டு கையில் இருக்கும்.

மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது பசை. பழைய தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, தோலையும் நரம்பையும் காய்ச்சி எடுப்பது, அதே சாதிதான். மீனின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுப்பது இன்னும் உசத்தி. காய்ந்தால் கல் மாதிரி இறுகும், ஈரக்காற்று பட்டால் நமத்துப்போன அப்பளம்தான்.

அம்பாங்கில் அடுக்குமாடியில் இருக்கும் என் கூட்டாளி ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒரு கொம்பு வில்லை வரவழைத்தார். நல்ல கைவேலை, செய்தவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏர்கோன் அறையில்தான் வைத்திருந்தார். திடலுக்குக் கொண்டுபோவார், மத்தியான மழை பெய்து புழுங்கும் நேரத்தில் எய்வார், திரும்ப ஏர்கோனுக்குள் வைப்பார். ஒருநாள் என்னிடம் கொண்டுவந்தார். மேல்முனைக்குக் கொஞ்சம் கீழே, கொம்பும் மரமும் சேரும் கோட்டில் நகம் நுழைகிற அளவுக்குப் பிளவு. மூக்கருகே கொண்டுபோனால் ஈரத்தோல் வாடை. வெளிப்பக்கம் சுற்றியிருந்த பட்டையை விலக்கி நரம்பை நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழுந்தது. நாண் ஏற்றிப் பார்த்தோம், மேல்பாதி வலப்பக்கமாக முறுக்கிக்கொண்டது. உடனே இறக்கச் சொன்னேன். இப்போது அது அவர் வீட்டுச் சுவரில் அலங்காரம்.

கொரியாவில் அம்பெய்யும் மண்டபங்களில் கொம்பு வில் வைப்பதற்கென்றே இளஞ்சூட்டில் இருக்கும் பெட்டி வைத்திருக்கிறார்கள், வில் நமக்காமல் இருக்க. அங்கே மழைக்காலம் கோடையில் சில வாரம். நமக்கு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை.

நீ கடையில் பார்த்த 500 வெள்ளி வில்லில் கொம்பும் கிடையாது, நரம்பும் கிடையாது. கண்ணாடி இழை, மரத்தகடு, எபாக்சி, மேலே தோல் சுற்றியிருப்பார்கள். வடிவம் மட்டும்தான் பழையது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழையில் நனைந்தாலும் துடைத்து வைத்துவிட்டுப் போகலாம். நம் ஊரில் எய்வதற்கு அதுதான் சரி.

இப்போது வடிவத்துக்கு வருவோம். அம்பெய்வது எவ்வளவு பழையது என்றால், தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் 60,000 வருடங்களுக்கு மேற்பட்ட கல் முனைகளும் எலும்பு முனையும் கிடைத்திருக்கின்றன, அவை அம்பு முனைகள் என்பது ஆய்வாளர்கள் வாதம். நமக்குப் பக்கத்தில் இலங்கையின் பாஹியன்கல குகையில் சுமார் 48,000 வருடங்களுக்கு முந்தைய எலும்பு முனைகள் கிடைத்தன, 2020இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்தது. இதெல்லாம் அம்பு. வில் மரம் என்பதால் மண்ணில் மக்கிவிடும், கிடைப்பது அபூர்வம். டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் கிடைத்த எல்ம் மர வில்லுக்கு வயது ஏறக்குறைய 9,000. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள்ளிருந்து எடுத்தார்களே ஓட்ஸி என்கிற மனிதன், அவனிடம் 1.82 மீட்டரில் யூ மர வில் ஒன்று இருந்தது. பாதி செதுக்கி முடிக்காமல் விட்டிருந்தான், கோடரி வெட்டிய தடம்கூட அப்படியே தெரியும். எனக்கு அந்த வில்லின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மீதியையும் செதுக்கி முடித்துவிடலாமா என்று கை அரிக்கும்.

இவை எல்லாமே ஒற்றை மரத்தில் செதுக்கியவை. ஆள் உயரம், சமயத்தில் அதற்கு மேல். கொம்பும் நரம்பும் சேர்ந்த வில் ரொம்பப் பின்னால், கிறிஸ்துவுக்கு முந்தைய இரண்டாம் ஆயிரத்தில், தேரும் குதிரையும் பரவிய காலத்தில் பரவியது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் இறந்த எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறையை 1922இல் திறந்தபோது ஒற்றை மர வில்லும் கிடைத்தது, கூட்டு வில்லும் ஒரு குவியலாகக் கிடைத்தது. பாலைவனக் காற்று, பசை விட்டுப்போகவில்லை.

யாருக்கு இப்படி ஒன்று தேவைப்பட்டது என்று யோசித்துப் பார். குதிரை மேல் உட்கார்ந்தவனுக்கு ஆள் உயர வில் ஆகாது, குதிரையின் கழுத்தைத் தாண்டி இந்தப்பக்கம் அந்தப்பக்கம் மாற்ற முடியாது. அவன் வாழ்வது புல்வெளி, நீளமான நல்ல மரம் குறைவு, ஆனால் மாடும் ஆடும் ஏராளம். காற்றோ வறண்ட காற்று. இந்த மூன்றும் கூடின இடத்தில் குட்டை வில் பிறந்தது. ஒன்று குறைந்தாலும் வேறு வழி பார்த்திருப்பார்கள்.

நீ சொன்ன நாலும் அந்த வம்சத்துப் பிள்ளைகள்தான். துருக்கி வில் குட்டை, எடை குறைவு, லேசான அம்பை வெகுதூரம் விரட்டுவதற்குச் செதுக்கியது. இஸ்தான்புல்லில் ஓக் மைதானி என்கிற இடத்தில் தூரப் போட்டிக்கென்றே திடல் இருந்தது, நல்ல எய்தலுக்குக் கல் நட்டார்கள், சில கல் இன்றும் நிற்கிறது. மஞ்சு வில் அதற்கு நேர் எதிர். பெரிய உடம்பு, நீண்ட விறைப்பான முனை, நாண் வந்து உட்கார முனையடியில் சின்னத் திண்டு. கனமான அம்பைப் பக்கத்திலிருந்து பலமாக இறக்குவதற்கு அது. மங்கோலிய வில் என்று இன்று விற்பது பெரும்பாலும் மஞ்சுக்காரர்கள் சீனாவை ஆண்ட காலத்து வடிவத்தைத் தழுவியது. செங்கிஸ்கான் வில் என்று சொல்லி விற்றால் சிரித்துவிட்டு வா. கொரிய வில் சிறியது, நாண் இறக்கினால் வளையம் மாதிரி எதிர்ப்பக்கம் சுருண்டுவிடும். அவர்கள் எய்யும் தூரம் 145 மீட்டர். எருமைக் கொம்பு கொரியாவில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்துச் செய்தார்கள். அதனால் எந்த அரசுக்கும் கொம்பு வியாபாரம் சும்மா விஷயமில்லை.

நம் வில்லைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இப்போது பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போகிறேன், ராத்திரி எழுதுகிறேன்.


பட்டர்வொர்த்காரன் எழுதியது:

எனக்குச் சக்கர வில்தான். அமெரிக்காவில் ஆலன் என்பவர் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் வாங்கினார். முழுதாக இழுத்தபின் கையில் பாரமே தெரியாது, நிதானமாகக் குறி பார்க்கலாம். இதை விட்டுவிட்டு நரம்பு, கொம்பு, அப்பளம் என்று எதற்கு இந்த வம்பு?

சும்மா சீண்டினேன் தச்சரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒரு நிஜமான சந்தேகம். இந்த நாட்டுக் காட்டில் காலங்காலமாக இருக்கும் ஒராங் அஸ்லி மக்கள் கையில் ஊதுகுழல்தானே இருக்கிறது? மூங்கில் இவ்வளவு விளையும் ஊரில் ஏன் வில் இல்லை?


பினாங்குடீச்சர் எழுதியது:

செந்தூல் ஐயா சொல்வதை ரசித்துப் படித்தேன். ஆனால் "ஈரமான ஊரில் கொம்பு வில் நிற்காது" என்பதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அர்த்தசாஸ்திரத்தில் வில்லுக்கு நாலு பொருள் சொல்லியிருக்கிறது. பனை, மூங்கில், மரம், கொம்பு. அதில் மூங்கில் வில்லின் பெயர் கோதண்டம், நம் ராமர் கையில் இருப்பது! ஆக, கொம்பு வில் இந்தியாவில் பழைய காலத்திலேயே தெரிந்த சங்கதி. முகலாயர்களும் அதைத்தான் வைத்திருந்தார்கள். தென்மேற்குப் பருவமழை அங்கே பெய்யாமலா இருந்தது?

சிற்பங்களையும் பாருங்கள். மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குகையில் சிங்கத்தின் மேல் வரும் துர்க்கை வில்லை இழுத்துப் பிடித்திருக்கிறாள், ஏழாம் நூற்றாண்டு. கோயில்களில் பல இடங்களில் வில் இரட்டை வளைவோடு, முனை வெளியே திரும்பித்தான் இருக்கிறது. நேரான மூங்கில் கழி மாதிரி இல்லையே.

தம்பிக்கு என் பங்குக்கு: புறநானூறு 152ஐ எடுத்துப் படியுங்கள். வன்பரணர் கொல்லிமலை வல்வில் ஓரியைப் பாடியது. யானையை வீழ்த்திய ஒரே அம்பு புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டுபோய்க் கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் தைத்து நிற்கும். திடலில் கேட்ட பெரியவருக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டே இருப்பார்.

இன்னொரு கேள்வி ஐயா. ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுத்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒலிம்பிக்கில் பார்த்தால் யாரும் கட்டைவிரலால் நாணைத் தொடுவதே இல்லை. ஒரு பையன் வகுப்பில் இதைக் கேட்டு என்னை மடக்கிவிட்டான்.


செந்தூல்தச்சன் எழுதியது:

டீச்சர், சண்டைக்கு நல்ல ஆள் கிடைத்தீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

முகலாயர் கொம்பு வில் வைத்திருந்தது உண்மைதான். ஆனால் வைத்துக்காத்தது யார்? அரண்மனை ஆயுதசாலை, அதற்கென்று சம்பள ஆள், மேலே கெட்டியாக அரக்கு வண்ணப்பூச்சு. அந்த வில்களில் பூவும் கொடியும் வரைந்திருப்பது அழகுக்கு மட்டுமில்லை, காற்று உள்ளே போகாமல் தடுக்கவும்தான். அவ்வளவு செய்தும் சமாளிக்க முடியாத இடத்துக்கு அதே நாட்டில் இன்னொன்றும் செய்தார்கள்: இரும்பு வில். எஃகிலேயே, கொம்பு வில்லின் வளைவை அப்படியே காப்பியடித்து. எஃகு கனம், கொம்பு அளவுக்கு அம்பை விரட்டாது. ஆனால் நாண் ஏற்றியபடியே கோட்டைச் சுவரில் மாட்டி வைக்கலாம், மழையானாலும் வெயிலானாலும் அப்படியே இருக்கும். கொம்பு வில் அங்கே நன்றாகவே நின்றிருந்தால் இரும்பில் வில் செய்யும் யோசனை யாருக்கு வரும்? இது என் கட்சி.

சிற்பத்துக்கு வாருங்கள். கல்லில் வடிவம் தெரியும், பொருள் தெரியாது. மூங்கிலைக் கரிநெருப்பில் காட்டி முனையை வெளியே திருப்பலாம், நானே செய்கிறேன். திருப்பிய மூங்கில் வில்லை உங்கள் சிற்பி பார்த்தாலும் அதே இரட்டை வளைவைத்தான் செதுக்கியிருப்பார். அந்தத் துர்க்கையின் கையைப் பார்த்து நானும் நின்றிருக்கிறேன், ஊருக்குப் போயிருந்தபோது. கல்லில் அவ்வளவு வேகத்தைக் கொண்டுவந்தவன் பக்கத்தில் ஒரு வில்லாளியை நிறுத்தி வைத்துப் பார்த்திருப்பான் என்று தோன்றியது.

நம் பக்கத்து வில்லைப் பற்றி வெளியாள் எழுதியதில் எனக்குப் பிடித்தது கிரேக்கர் அர்ரியன் சொல்வது. அலெக்சாண்டரோடு வந்த நியார்க்கஸின் குறிப்பை வைத்து எழுதுகிறார். இந்தியக் காலாட்படைக்காரன் வில் அவன் உயரம் இருக்கும், அதைத் தரையில் ஊன்றி இடதுகாலால் மிதித்து நாணை இழுப்பான், அம்பு மூன்று முழத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, கேடயமும் தாங்காது கவசமும் தாங்காது என்கிறார். கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் அலெக்சாண்டரை எதிர்த்த போரஸ் மன்னனின் படைக்கு இதுவே வினையாகவும் ஆயிற்று. மழையில் தரை வழுக்கி, அவ்வளவு நீள வில்லை ஊன்ற முடியவில்லை என்று ரோமானிய எழுத்தாளர் கர்ட்டியஸ் எழுதியிருக்கிறார். கவனியுங்கள், வில் நனைந்து கெட்டது என்று சொல்லவில்லை. கால்தான் வழுக்கியது.

ஈரமான ஊர்க்காரன் என்ன செய்தான் என்று உலகம் முழுக்கப் பார்த்தாலும் இதே கதைதான். இங்கிலாந்தில் யூ மரத்தின் ஒற்றை நீள வில். அந்த மரத்தில் உள்வைரம் நசுங்குவதைத் தாங்கும், வெளி வெள்ளைமரம் இழுபடுவதைத் தாங்கும். கொம்பும் நரம்பும் செய்யும் வேலையை ஒரே மரம் பசையில்லாமல் செய்கிறது. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலை 1982இல் தூக்கினார்கள், அதிலிருந்து 170க்கும் மேற்பட்ட வில் கிடைத்தது. கடலடியில் நானூறு வருடத்துக்கும் மேல்! கொம்பு வில்லாக இருந்திருந்தால் கஞ்சியாகியிருக்கும். ஜப்பானிலும் ஈரம், அங்கே மூங்கிலும் மரமும் தகடு தகடாகச் சேர்த்து இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், பிரம்பு சுற்றி அரக்கு பூசுவார்கள். கைப்பிடி நடுவில் இருக்காது, கீழே தள்ளியிருக்கும். மூன்றாம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பே இதைச் சொல்கிறது, மேலே நீளம், கீழே குட்டை என்று.

ஓரி பாட்டு எனக்கும் பிடிக்கும் டீச்சர், ஆனால் யானையையும் புலியையும் துளைத்துக்கொண்டு போன அம்பு உடும்பிடம் போய் நின்றதுதான் எனக்குச் சிரிப்பு. வேட்டைக்குப் போனவன் எவன் உள்ளதைச் சொன்னான்? அது இருக்கட்டும். நம் தெற்கில் வில் கதையோடு முடியவில்லை. வயநாட்டுப் பழங்குடியினரான குறிச்சியர் மூங்கில் வில்லோடுதான் பழசி ராஜா பக்கம் நின்று வெள்ளைக்காரனை எதிர்த்தார்கள், பழசி 1805இல் இறந்தார். 1812இல் குறிச்சியர் மறுபடியும் கிளம்பினார்கள். எதிரில் துப்பாக்கி. மழை பெய்யும் காட்டில் வெடிமருந்து நமத்துப்போகும், மூங்கிலுக்கு அந்தக் கவலை இல்லை. சோழர் விஷயத்தில், தஞ்சைக் கல்வெட்டுகளில் வில்லிகள் என்றே படைப்பிரிவுகளின் பெயர் இருக்கிறது. 1025இல் கடாரத்துக்கு வந்த ராஜேந்திரன் படை கடல் தாண்டி வந்த படை. உப்புக்காற்றில் கப்பலில் வாரக்கணக்கில் கிடக்கும் வில் எதுவாக இருக்கும் என்று ஒரு தச்சனைக் கேட்டால் மூங்கில் என்பான், மரம் என்பான். கொம்பு என்று சொல்லமாட்டான்.

ஏகலைவன் கேள்வி அருமை, அந்தப் பையனுக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள். ஒலிம்பிக்கில் மூன்று விரலால் இழுப்பது ஐரோப்பிய வழக்கம். கிழக்கே துருக்கியிலிருந்து கொரியா வரைக்கும் கட்டைவிரலை நாணில் மடக்கி, ஆள்காட்டி விரலால் அதைப் பூட்டி இழுப்பார்கள். அம்பும் வில்லின் மறுபக்கம் உட்காரும். நாண் அறுக்காமல் இருக்கக் கட்டைவிரலில் மோதிரம். சீனாவில் ஃபூ ஹாவ் என்கிற அரசியின் கல்லறையிலேயே அப்படி ஒரு மோதிரம் கிடைத்தது, கி.மு. 1200 வாக்கில். கோம்பாக் திடலிலும் தம்பி இந்த மோதிரத்தைப் பார்த்திருப்பான். மகாபாரதத்தில் கட்டைவிரல் போன பிறகு ஏகலைவன் எய்யாமல் விட்டுவிடவில்லை. மிச்ச விரலால் எய்தான், பழைய வேகம் மட்டும் வரவில்லை என்றுதான் வருகிறது. கதை சொன்னவருக்கு வில் பிடித்துப் பழக்கம் உண்டு.

பட்டர்வொர்த்தாரே, உங்களுக்கு. வில் அடியோடு இல்லாமல் இல்லை. வடக்கே செமாங் மக்களிடம் வில் இருந்ததை நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேயர் குறிப்புகளில் படிக்கலாம். ஆனால் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். நிமிர்ந்தால் மரக்கிளை, திரும்பினால் கொடி. ஆள் உயர வில்லை வைத்துக்கொண்டு எங்கே வளைப்பது? இரையோ தலைக்கு நேர் மேலே, குரங்கும் பறவையும். ஊதுகுழலை அப்படியே செங்குத்தாக நிமிர்த்தலாம், சத்தம் வராது, பக்கத்துக் குரங்குகூடக் கலையாது. வில்லின் பலம் இல்லாவிட்டால் என்ன, ஊதும் ஊசியில் தடவிய ஈபோ மரத்து விஷப்பால் மீதி வேலையைச் செய்துவிடும். ஈபோ பட்டணத்துக்கே அந்த மரத்தின் பெயர்தான். கோம்பாக்கில் ஒராங் அஸ்லி அருங்காட்சியகம் இருக்கிறது, ஊதுகுழல்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள், ஒருதடவை போய்ப் பாருங்கள். குழலுக்குள் குழல் விட்டு நேராக்கியிருக்கும் வேலையைப் பார்த்துவிட்டு நான் தச்சன் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.


செராஸ்பையன் எழுதியது:

ஐயா, கொம்பு வில் ஆசை போய்விட்டது. இப்போது மூங்கில் ஆசை வந்துவிட்டது. திடலில் 145 மீட்டர் எல்லாம் இல்லை, 30 மீட்டர்தான். மூங்கில் வில் அதற்குக் காணுமா? எந்த மூங்கில், எங்கே எடுப்பது? எனக்குத் தச்சு தெரியாது, சின்ன வயதில் சுத்தியலைப் பிடித்ததோடு சரி.


செந்தூல்தச்சன் எழுதியது:

காணுமாவா? பூட்டானில் அம்பெய்வதுதான் தேசிய விளையாட்டு. அவர்கள் மரபாக எய்தது மூங்கில் வில்லில், தூரம் கொரியாக்காரர்கள் எய்யும் அதே 140 சொச்சம் மீட்டர். உன் 30 மீட்டர் அதற்குப் பொருட்டே இல்லை.

அந்த பூட்டான் முறையையே நீயும் எடுத்துக்கொள். ஒரே நீளக் கழியில் செய்தால் மூங்கில் அடியில் தடிப்பு, நுனியில் மெலிவு, இரண்டு பாதியும் சமமாக வளையாது. அவர்கள் இரண்டு துண்டு எடுத்து, இரண்டின் தடித்த அடிப்பக்கத்தையும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டி, அங்கே கைப்பிடி வைக்கிறார்கள். இரண்டு நுனியும் தானாக மெலிந்திருக்கும், உன் வேலையில் பாதி மூங்கிலே செய்து வைத்துவிடும்.

மூங்கிலில் பெத்தோங் என்கிற ரகத்தை எடு, சுவர் தடிப்பாக இருக்கும். மூன்று நாலு வருடம் முற்றினது வேண்டும். இளசு பார்க்கப் பச்சையாகப் பளபளவென்று இருக்கும், அதை விட்டுவிடு. முற்றினதில் தோலின் மேல் வெள்ளைப் பூஞ்சைத் திட்டு பிடித்திருக்கும், விரலால் சுண்டினால் கணீரென்று கேட்கும். காட்டுக்குள் போய் நீயாக வெட்டாதே, அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். உலு லங்காட் பக்கம் தோட்டத்தில் வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்கு. வாங்கியதும் சில வாரம் ஓடும் தண்ணீரில் ஊறப் போடு, உள்ளே இருக்கும் மாவுச்சத்து வெளியேறினால் வண்டு துளைக்காது. அப்புறம் நிழலில் காயட்டும், வெயிலில் போட்டால் வெடிக்கும்.

பிளந்த பிறகு ஒரே ஒரு சட்டம்: வெளித்தோலில் அரம் படக்கூடாது. மூங்கிலின் பலமான நார் முழுக்கத் தோலை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தப் பக்கம்தான் குறியைப் பார்க்க வேண்டும், இழுபடுவது அதுதான். சீவுவதெல்லாம் உள்பக்கம். கணு இருக்கும் இடத்தில் உள்பக்கம் கொஞ்சம் மேடாகவே விடு, வழவழவென்று மட்டமாக்கினால் முதலில் முறிவது அங்கேதான். முனையில் நாண் உட்காரக் காடி வெட்டுமுன் அதற்குக் கீழே நூலை இறுகச் சுற்றிப் பசை வை, இல்லாவிட்டால் நாண் அழுத்தி முனை நெடுக்காகப் பிளக்கும்.

சரி, கடினமான இடம் இதுதான். நாணைத் தளர்வாகக் கட்டி, வில்லைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டி, நாணைக் கீழே கொஞ்சம் இழுத்துப் பார். இரண்டு பாதியும் ஒரே மாதிரி வளைகிறதா? வளையாத பாதியின் உள்பக்கத்தில் நாலு இழைப்பு, மறுபடி மாட்டு, மறுபடி பார். ஒரு இடம் மட்டும் முழங்கை மாதிரி மடங்கினால் அந்த இடத்தைத் தொடாதே, அதன் இரண்டு பக்கத்தையும் சீவு. அவசரப்பட்டு முழு நீளத்துக்கும் இழுக்காதே. வளைவு சமமானதும் உள்பக்கத்தைக் கரித்தணலில் காட்டி லேசாகப் பழுக்க வை, தேன் நிறம் வந்தால் போதும், விறைப்பு கூடும். உன் உயரத்துக்கு வில் நீளம் வை, குறைக்காதே. 30 பவுண்ட் இழுப்புக்கு மேல் முதல் வில்லில் ஆசைப்படாதே.

எய்து முடித்ததும் நாணை இறக்கி வை. அம்பு இல்லாமல் நாணை இழுத்து ஒருபோதும் விடாதே, திடலில் சும்மா பார்க்கிறேன் என்று வாங்கி இழுத்துவிட்டுச் சிரிக்கும் கூட்டாளிகளிடம் கொடுக்கவே கொடுக்காதே.


பினாங்குடீச்சர் எழுதியது:

இரும்பு வில் வாதம் ஏற்கும்படிதான் இருக்கிறது ஐயா, அந்த அளவுக்கு இறங்கி வருகிறேன். ஆனால் பனை வில்லை நீங்கள் தொடவே இல்லை. அர்த்தசாஸ்திரப் பட்டியலில் முதலில் இருப்பதே அதுதான். எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பழைய பனை இரண்டு நிற்கிறது. விஷயம் தெரிந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளை வைத்துச் செய்து பார்க்கலாம் என்று ஒரு யோசனை.


செந்தூல்தச்சன் எழுதியது:

பனையில் வெளிவைரம்தான் சரக்கு டீச்சர், நடுவில் இருப்பது சோறு, எதற்கும் ஆகாது. மூங்கில் மாதிரியேதான், நார் முழுக்க ஓரத்தில் கறுப்பாக ஓடும். வயதான மரத்தின் அடிப்பாகம் வேண்டும். ஊரில் வீட்டுக்குச் சட்டம் போட அதைத்தான் பிளந்தார்கள், உளி பட்டால் உளிதான் மழுங்கும். சிராய் கையில் ஏறினால் லேசில் வராது, அதனால் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். நிற்கிற மரத்தை வெட்டவும் வேண்டாம், காற்றில் சாய்ந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், ரயிலேறி வந்து ஒரு துண்டு எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு 15 பவுண்டில் மூங்கில் வில் போதும், அம்பு முனையில் ரப்பர் வையுங்கள்.